அலுமாரி இல்லாத வீடு

கிழக்கிலங்கையில் ஒரு முஸ்லிம் பெண் திருமணம் முடித்தால் பெரும்பாலும் அவள் வீடு மாறுவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வாப்பாவும் காக்காமாரும் வியர்வை சிந்தி எழுப்பிய அந்த வீட்டில் சுவரோடு சேர்த்துக் கட்டிய அலுமாரி இருக்கும். குசினியில் சீமெந்துத் தட்டுகள் இருக்கும். உள்ளறையின் மூலையில் உம்மம்மாவின் காலத்துப் பெட்டகம் ஒன்று அசையாமல் நிற்கும். குர்ஆன் வைப்பதற்கென்று சுவரில் ஒரு மாடமும் விட்டிருப்பார்கள். பொருளுக்கு முன்னரே அதற்குரிய இடம் அங்கே தயாராகிவிடுகிறது. ஆகவே, ஒரு பொருளை எங்கே வைப்பது என்ற கேள்வியே நமது பெண்களுக்கு எழுவதில்லை.

2012ஆம் ஆண்டு கணவரின் தொழில் நிமித்தம் ஜேர்மனியின் டோர்ட்முண்ட் நகருக்கு நாங்கள் குடிவந்தபோது அந்தக் கேள்விதான் முதலில் எழுந்தது. வாடகைக்கு எடுத்த வீட்டின் அறைகளில் வெள்ளைச் சுவர்களைத் தவிர வேறொன்றும் இல்லை. மின்குமிழ் இருக்க வேண்டிய இடத்தில் வயர் தொங்கியது. குசினி என்று காட்டப்பட்ட அறையில் இரண்டு குழாய் முனைகளும், அடுப்புக்கான மின் இணைப்பும் மட்டுமே இருந்தன. பாத்திரம் கழுவும் தொட்டிகூட இல்லை. தொலைபேசியில் உம்மாவிடம் சொன்னேன். "என்ன புள்ள, அலுமாரி இல்லாத ஊடும் உலகத்துல இருக்கா?" என்று ஆச்சரியப்பட்டார்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அந்நாட்டு மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வாடகை வீடுகளிலேயே வாழ்கின்றனர். பலர் ஒரே வீட்டில் நீண்ட காலம் தங்குவதால், குசினியையும் அலுமாரிகளையும் தமது சொந்தச் செலவில் பொருத்திக்கொள்கின்றனர். வெளியேறும்போது அவற்றைக் கழற்றிக் கொண்டு செல்வார்கள். அல்லது புதிதாக வருபவருக்கு ஒரு தொகைக்குக் கொடுத்துவிடுவார்கள். வாடகை விளம்பரத்தில் 'ஈ.பீ.கே.' என்ற மூன்றெழுத்து இருந்தால் மட்டுமே குசினி பொருத்தப்பட்டிருக்கிறது என்று பொருள்.

புதிதாக வரும் குடும்பத்துக்கு இது பெரிய சுமை. வீட்டுச் சொந்தக்காரர் மூன்று மாத அடிப்படை வாடகை வரை முற்பணமாகக் கேட்க அங்குள்ள சட்டம் இடமளிக்கிறது. அதைக் கட்டிய கையோடு அடுப்பு, தொட்டி, குளிர்சாதனப் பெட்டி, விளக்கு, அலுமாரி எல்லாமே வாங்கியாக வேண்டும்.

எங்களுக்கோ ஊரில் இன்னொரு கடமையும் இருந்தது. கணவரின் தங்கைக்கு வீடு கட்டி முடித்தால்தான் அவளுடைய திருமணம் நடக்கும். மாதந்தோறும் சம்பளத்தில் ஒரு பங்கு கல்லாகவும் சீமெந்தாகவும் மாறிக்கொண்டிருந்தது. முந்திய குடியிருப்பாளர் விட்டுச் சென்ற பழைய அடுப்பையும் தொட்டியையும் வாங்கிப் பொருத்தினோம். அதற்கு மேல் எதுவும் வாங்கவில்லை. "ரெண்டு வருஷத்துல போயிருவோம். இதுக்கெல்லாம் ஏன் காசக் கொட்டுற?" என்றார் கணவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

இப்படியாக நான்கு பயணப் பெட்டிகளும் எங்கள் அலுமாரிகளாயின. ஒன்றில் பிள்ளைகளின் உடுப்பு, ஒன்றில் குளிர்கால உடுப்பு, ஒன்றில் எனது அபாயாக்கள், ஒன்றில் பத்திரங்களும் மருந்தும். ஒரு காலுறை தேடினாலும் பெட்டி முழுவதையும் கிளற வேண்டும். பதினான்கு மாதங்கள் அப்படியே கழிந்தன. ஒருநாள் நான்கு வயது மகள் கேட்டாள்: "உம்மா, பாலர் பாடசாலையில எல்லாருக்கும் பேர் எழுதின ஒரு தட்டு இருக்கு. ஊட்டுல மட்டும் ஏன் எல்லாம் பெட்டிக்குள்ள இருக்கு? நாம நாளைக்கா போற?"

அன்றிரவு கணவரிடம் பேசினேன். "இஞ்சாருங்க, ஊருக்குப் போவோம், சரி. ஆனால் போகும் வரைக்கும் புள்ளைகள் இருக்கிறது இங்கதானே?" அவர் மறுநாளே தமது உம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார். மாமி என்ன சொல்வாரோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். "தங்கச்சிட ஊட்டுக்கு ஓடு போடுறது ஒரு மாசம் பிந்தினா ஒண்டும் ஆகா மகன். புள்ளைகள் எத்தனை காலத்துக்குப் பெட்டிக்குள்ள இருந்து எடுத்து உடுத்துற?" என்று மாமி சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு மாதப் பணத்தில், பாவித்த தளபாடங்கள் விற்கும் கடையில் இரண்டு உடுப்பு அலுமாரிகளும், ஒரு லாச்சி அலுமாரியும், மூன்று தட்டுகளும் வாங்கினோம்.

வெளிநாடு செல்லவிருக்கும் சகோதரிகளுக்குப் பயன்படும் என்பதால், மாடிவீட்டுத் துருக்கிச் சகோதரி கற்றுத் தந்ததையும் அனுபவத்தில் அறிந்ததையும் இங்கே சொல்கிறேன்.

குளிர் நாடுகளில் வெளிச்சுவரோடு அலுமாரியை ஒட்டி வைக்கக்கூடாது. அந்தச் சுவர் குளிர்ந்திருக்கும். வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்று அதில் பட்டு நீராகிப் பூஞ்சணம் பிடிக்கும், உடுப்பெல்லாம் கெட்டுவிடும். உட்சுவரோடு வைப்பதே நல்லது. இயலாவிட்டால் சில அங்குலமாவது இடைவெளி விட வேண்டும். குளிர்காலத்திலும் நாளுக்கு இரண்டு மூன்று தடவை ஜன்னல்களை முழுதாகத் திறந்து ஐந்து முதல் பத்து நிமிடம் வரை காற்றோட்டம் கொடுக்க வேண்டும். நம்மைப் போல் நாள்தோறும் சோறு கறி சமைக்கும் வீடுகளுக்கு இது மிக அவசியம்.

உயரமான அலுமாரியையும் லாச்சி அலுமாரியையும் கட்டாயம் சுவரில் திருகாணியால் பிணைக்க வேண்டும். பிள்ளைகள் லாச்சிகளை இழுத்துப் படிபோல ஏறினால் அது அப்படியே சரிந்து விழும். இவ்வாறு நிகழ்ந்த குழந்தை மரணங்களுக்குப் பின்னர், 2016ஆம் ஆண்டு அமெரிக்காவில் சுமார் 2 கோடி 90 இலட்சம் லாச்சி அலுமாரிகள் மீளப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. வாடகை வீடாயிற்றே என்று தயங்க வேண்டாம். வெளியேறும்போது துளைகளை அடைத்துக் கொடுத்துவிடலாம்.

அலுமாரி வாங்கும்போது உள்ளே மேலும் கீழுமாக இரு கம்பி உள்ளதைத் தவிருங்கள். சட்டைகளுக்கு அது போதும். அபாயா நிலத்தில் இழுபடும். கழற்றிப் பூட்டக்கூடியதாகவும் பாருங்கள். அடுத்த வீட்டுக்கும் அதுவே வரும். கட்டிடத்தின் நிலக்கீழ் அறையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சிறு களஞ்சியம் ஒதுக்கியிருப்பார்கள். ஈரலிப்பான இடமாதலால் உடுப்பு, கிதாபு, புகைப்படம் எதையும் அங்கே வைக்காதீர்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் பாத்திரங்களை வைக்கலாம்.

எங்கள் வீட்டில் முதலில் பொருத்திய தட்டு குர்ஆனுக்குரியது. சுவரில் மாடம் இல்லாவிட்டால் என்ன? எல்லோர் கைக்கும் எட்டக்கூடிய உயரத்தில் ஒரு பலகை போதும். அடுத்த தட்டில் மகள் தனது பெயரைத் தானே எழுதி ஒட்டிக்கொண்டாள்.

இன்னொரு நன்மையும் கிடைத்தது. ஊரில் பெட்டகமும் பரணும் எவ்வளவு கொடுத்தாலும் விழுங்கும். உடுத்தாத சாரியும் உடையாத பீங்கானும் ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடக்கும். இங்கே ஒவ்வொரு தட்டுக்கும் பணம் கொடுக்க வேண்டியிருப்பதால், ஒரு பொருள் தேவைதானா என்று கேட்டே வாங்குகிறோம். ஒவ்வொரு றமழானுக்கு முன்னரும் அலுமாரிகளை முழுதாக வெறுமையாக்கி, அவ்வருடம் அணியாத உடுப்புகளைத் தேவையுள்ளவர்களுக்குக் கொடுத்துவிடுகிறோம். பாத்திமா நாயகி (ரழி) அவர்கள் மணவாழ்வைத் தொடங்கியபோது கிடைத்த ஒரு போர்வையும், நார் திணித்த தோல் தலையணையும், தண்ணீர்த் துருத்தியும் எந்த அலுமாரியையும் வேண்டி நிற்கவில்லையே!

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. வெளிநாடு போகும் மகளின் பெட்டியைப் பீங்கானாலும் பட்டாலும் நிரப்பாதீர்கள். முதல் மாதத்தில் ஓர் அலுமாரி வாங்கும் அளவுக்குப் பணத்தைக் கையில் கொடுத்தனுப்புங்கள். இவ்வுலகில் நாம் அனைவரும் பயணிகளே. ஆயினும் பயணியும் இரவு தங்குமிடத்தில் கூடாரத்தை ஒழுங்காகவே அடிப்பான். அதனால் அவன் ஊரை மறந்துவிட்டான் என்று யாரும் சொல்வதில்லை. மச்சியின் வீட்டுக்கு ஒரு மாதம் பிந்தித்தான் ஓடு விழுந்தது. அல்ஹம்துலில்லாஹ், அவளது திருமணமும் குறித்தபடி நடந்தேறியது.

எங்கே வாழ்ந்தாலும் நமது இல்லங்களில் அல்லாஹ் பரக்கத்தையும் நிம்மதியையும் இறக்குவானாக!