கொக்கல களப்பும் ஒரு கனடாக்காரரும்

காலியில் மாத்தறை பஸ் ஏறினால் கொக்கல கிட்டத்தில்தான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. வருகிறவர்கள் கறுவாத் தீவுக்குப் போவார்கள், எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் வீட்டைப் பார்ப்பார்கள். எனக்கு வேண்டியிருந்தது அந்தக் களப்புத் தண்ணீர்தான். 1942 ஏப்ரல் 4 அன்று கனடிய விமானப்படையின் ஸ்குவாட்ரன் லீடர் லியனார்ட் பெர்ச்சல் இதிலிருந்துதான் கிளம்பினார்.

"பிளேன் எங்கே இறங்கும்?" என்று படகுக்காரரைக் கேட்டேன். "எல்லா இடமும்தான் சேர்" என்று கையைச் சுற்றிக் காட்டிவிட்டு, கறுவாப்பட்டை விலைக்குப் போய்விட்டார்.

அந்த விமானம் காட்டலினா, பறக்கும் படகு. வேகம் கிடையாது, ஆனால் நாள் முழுக்கப் பறக்கும். இரு விலாவிலும் கண்ணாடிக் குமிழ்கள். அவற்றுக்குள் உட்கார்ந்து கடலை அலசலாம். பெர்ச்சல் கொக்கலவுக்கு வந்தே இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ரோந்து முடியும் மாலை நேரத்தில் தெற்கே தொடுவானத்தில் புள்ளிகள் தெரிந்தன. கிட்டே போய்ப் பார்த்தால், பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அதே ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பற்படை. தகவலை மூன்று முறை அனுப்புவது விதி. மூன்றாவது முறை பாதியில் இருக்கும்போது ஜீரோ விமானங்களின் குண்டு ரேடியோவைச் சிதறடித்தது. ஒன்பது பேரில் ஆறு பேரை ஜப்பானியர் உயிரோடு பிடித்தார்கள். தகவலே அனுப்பவில்லை என்று அடி வாங்கிக்கொண்டு சாதித்தார்கள். அதற்குள் கொழும்பு, 'இன்னொரு முறை சொல்' என்று ரேடியோவில் கேட்டுத் தொலைத்தது!

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. கொழும்புத் துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் முன்கூட்டியே வெளியேறிவிட்டன. ஆனாலும் இரத்மலானையில் போர் விமானங்கள் தரையில் இருந்தபோதே எதிரி வந்துவிட்டான். கார்ன்வால், டோர்செட்ஷயர் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் கடலில் மூழ்கின. 'இலங்கையின் ரட்சகர்' என்று பெர்ச்சலுக்கு வந்த பட்டம் எனக்குச் சற்றுக் கூடுதலாகவே படுகிறது. கொக்கல விமானத் தளத்துக்காக அந்தக் கிராமத்தையே காலிசெய்ய வைத்தார்கள். விக்கிரமசிங்கவின் வீடு மிஞ்சியது. அக்கம்பக்கத்து வீடுகள் போயின. அந்த ஜனங்களிடம் ரட்சகர் என்று சொல்லிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

என் கணக்கில் அவருடைய பெரிய காரியம் அதற்குப் பிறகுதான். மூன்று வருஷத்துக்கு மேல் ஜப்பானில் சிறை. யோகோஹாமாவில் கட்டாய உழைப்பு. முகாமில் மூத்த அதிகாரி அவர். சோறு பங்கிடும்போது, அதிகாரியின் கிண்ணத்தில் ஒரு பிடி கூட இருப்பதாக எந்தச் சிப்பாய்க்காவது தோன்றினால் கிண்ணத்தை மாற்றிக்கொள்ளலாம். பசித்தவன் கண்ணுக்குத் தராசு தேவையா? எந்த அதிகாரியும் கூடுதலாக அள்ள முடியாது. நோயாளிகளைக் காவலர்கள் அடித்தால் குறுக்கே போய் நிற்பார். அந்த அடி அவருக்கு விழும். 1944-இல், நோயாளிகளை வேலைக்கு விரட்டியபோது கைதிகள் எல்லோரையும் உட்காரவைத்து வேலைநிறுத்தமே நடத்தினார். தண்டனை என்னவென்று தெரிந்தேதான் செய்தார்.

இத்தனைக்கும் நடுவில் நாட்குறிப்பு எழுதி மண்ணில் புதைத்துவைத்தார். போர் முடிந்ததும் அந்த நாட்குறிப்புகளைத் தோண்டி எடுத்து, போர்க்குற்ற விசாரணையில் சாட்சியமாக வைத்தார்கள். காட்டலினாவுக்குக் கிடைத்தது டி.எஃப்.சி. பதக்கம், சிறை ஆண்டுகளுக்கு ஓ.பி.இ. போர் முடிந்ததும் அந்த நாட்குறிப்புகளைத் தோண்டி எடுத்து, போர்க்குற்ற விசாரணையில் சாட்சியமாக வைத்தார்கள்.