மலை கசியும் இடம்

கேப் டவுன் வரை போய்விட்டு மேசை மலையின் உச்சிக்கு ஏறாமல் வந்தாயா என்று வீட்டில் இன்னும் கேட்கிறார்கள். எனக்கு அந்த மலையின் அடிவாரம்தான் வேண்டியிருந்தது. 2018இல் அந்த நகரம் தன் குழாய்களை மூடப்போகும் நாளுக்குத் தேதி குறித்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர்தான் என்று கட்டுப்பாடு போட்டது. அடுத்த ஆண்டே சென்னையில் ஏரிகள் வறண்டு, லாரி வரும் நேரத்தைக் கணக்குப் பார்த்துத் தூங்கப் பழகினோம். அன்று முதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. மேகத்தை இழுத்துப் பிடித்து நிறுத்துகிற மலை ஒன்று தலைமாட்டிலேயே நிற்க, ஒரு ஊருக்கு எப்படித் தண்ணீர் இல்லாமல் போகும்?

போய் இறங்கியதும் ஊர் எனக்குப் பிடிக்கவில்லை. வெள்ளையடித்த வளைந்த முகப்புகளோடு பழைய டச்சு வீடுகள், திராட்சைத் தோட்டங்கள், மாலையில் நாயோடு நடப்பவர்கள். ஆப்பிரிக்காவுக்கு வந்தவளை யாரோ ஐரோப்பாவில் இறக்கிவிட்டதுபோல் இருந்தது. இந்த அழகுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்ற எண்ணம் வந்துகொண்டே இருந்தது. அந்த மனநிலையோடுதான் சீ பாயின்ட் கடற்கரைக்குப் போனேன். அங்கே கல் என்னைப் பிடித்துக்கொண்டது.

நடைபாதையை விட்டுக் கீழே இறங்கினால் அலை அடிக்கும் பாறைகள். ஒரு பக்கம் கன்னங்கரேலென்று தகடு தகடாகப் படிந்த பாறை. சுமார் 56 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு அது. இன்னொரு பக்கம் வெளிறிய சாம்பல் நிறக் கருங்கல். இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் கோடு கிழித்தாற்போல் பிரிவு இல்லை. சாம்பல் கல் கரும்பாறைக்குள் விரல் விரலாக நுழைந்திருக்கிறது. கரும்பாறையின் பிய்ந்த துண்டுகள் சாம்பல் கல்லுக்குள் சிக்கி நிற்கின்றன. குனிந்து பார்த்தேன். கருங்கல்லில் விரல் நீளத்துக்கு வெள்ளை ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள், ஏறத்தாழ ஒரே திசை பார்த்துக் கிடந்தன. கொதித்து ஓடிய குழம்பு ஓடும் வாக்கிலேயே இறுகிவிட்டிருக்கிறது. 54 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஓட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். உப்புத் தண்ணீர் செருப்பை நனைத்ததுகூடத் தெரியவில்லை.

இந்தப் பாறையை வைத்து ஐரோப்பாவில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. கருங்கல் ஆதிக் கடலில் கரைந்திருந்து படிந்தது என்று ஜெர்மனியில் வெர்னரும் அவருடைய மாணவர்களும் சொன்னார்கள். இல்லை, பூமிக்கு அடியிலிருந்து உருகி மேலே வந்தது என்றார் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டன். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, கப்பற்படை அதிகாரியான பாசில் ஹால் இந்த மலைப்பகுதியின் பாறைகளைப் பார்த்து எழுதிய குறிப்புகளைக் கொண்டு, ஹட்டனின் நண்பர் பிளேஃபேர் 1813இல் எடின்பரோவில் ஒரு கட்டுரை வாசித்தார். கருங்கல்தான் பழைய பாறைக்குள் பாய்ந்திருக்கிறது, எனவே அது பிந்தியது என்பதற்கு இங்கே கண்ணால் பார்க்கிற சாட்சி கிடைத்தது. 1836இல் 27 வயது டார்வினும் பீகிள் கப்பலிலிருந்து இறங்கி வந்து இதைப் பார்த்துவிட்டுப் போனார். அதைச் சொல்லும் பலகை ஒன்று இருக்கிறது.

ஊரைத் தீர்மானித்தது மட்டும் அதற்கும் மேலே உட்கார்ந்திருக்கும் மணற்கல். கருங்கல்லும் கரும்பாறையும் தேய்ந்து சமமான பிறகு, சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் ஆறுகளும் ஆழமில்லாக் கடலும் அவற்றின்மேல் மணலைக் கொட்டின. அந்த மணல் இறுகி, அழுந்தி, கிட்டத்தட்ட கண்ணாடிபோல் கெட்டியான கல்லானது. பிறகு பூமி மடிந்தபோது, இன்று மேசை மலையாக நிற்கும் பகுதி மடிப்பின் பள்ளத்தில் இருந்தது. பள்ளத்தில் நெருக்குண்ட கல் இன்னும் இறுகியதால் அது தேயாமல் நின்றது, சுற்றியிருந்த மேடுகள் கரைந்துபோயின. 1,085 மீட்டர் உயரத்துக்கு நிற்பது ஒரு காலத்துப் பள்ளம்!

இந்த மணற்கல் உடம்பெல்லாம் விரிசல். மழையும் மேகத்தின் ஈரமும் அதில் இறங்கிக்கொண்டே போய், அடியில் மக்கிய கருங்கல்லையும் களிமண்ணையும் தொட்டதும் மேற்கொண்டு இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் வெளியே வருகிறது. மலையின் இடுப்பைச் சுற்றி ஊற்றுகள். சென்னையில் நாங்கள் தண்ணீருக்காக ஆழம் ஆழமாகத் துளைபோடுகிறோம். இங்கே அது தானாக நடந்து வருகிறது.

கிழக்குச் சரிவில் நியூலண்ட்ஸ் என்ற பகுதி, நல்ல மழை பெய்யும் இடம். அங்கே ஊற்று நீரைக் குழாயில் விட்டிருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். வரிசை நின்றது. ஐந்து லிட்டர் கேன்கள், குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டியில் கேன்கள், கடையிலிருந்து உருட்டிவந்த டிராலியில் கேன்கள். பிளாஸ்டிக் குடங்களின் நிறம் மட்டும்தான் குறை. வந்ததிலிருந்து முதல்முறையாக ஊர் எனக்குப் பழக்கப்பட்டதாகத் தோன்றியது.

குழாயடி என்றால் சண்டை வரத்தானே வேண்டும்? பிக்கப் வண்டியை ஓரம் கட்டிய ஒருவர் பெரிய பெரிய கேன்களாக இறக்கி அடுக்கிக்கொண்டே இருந்தார். எனக்கு முன்னால் நின்ற, எழுபதைத் தாண்டிய, தலையில் பூப்போட்ட துணி கட்டிய அம்மாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, போதும், தள்ளு என்றார். கேன்காரர் திரும்பாமலே, “நான் இந்தத் தெருவில்தான் இருக்கிறேன், வரி கட்டுகிறேன்” என்றார்.

“வரியா? மலை உனக்கு ரசீது கொடுத்ததா?”

வரிசையில் சிரிப்பு. அந்த மனிதர் முகம் சிவந்து, எங்கோ தூரத்திலிருந்து வருகிறவர்களால்தான் இங்கே கூட்டம் என்றார். அம்மாளின் குரல் இறங்கியது. இறங்கிய பிறகுதான் அதில் கோபம் ஏறியது.

“நான் பிறந்த வீடு இங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. எங்களை லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். அதனால்தான் தூரத்திலிருந்து வருகிறேன்.”

அதுவரை பேசாமல் நின்ற, சடைமுடி வைத்த இளைஞன் ஒருவன், வெள்ளையர் வருமுன் இங்கே மாடு மேய்த்து வாழ்ந்த கோய் மக்களின் வழிவந்தவன் தான் என்றும், இந்த ஊற்றில் தன் மக்களிடம் யாரும் அனுமதி கேட்டதே இல்லை என்றும் சொன்னான். கேன்காரருக்குப் பதில் வரவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். எங்கள் தெருவில் குடத்துக்காக நடக்கும் சண்டைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று வாக்கியங்களில் முந்நூற்றைம்பது ஆண்டு பின்னால் போன சண்டையை அன்றுதான் பார்த்தேன்.

அந்த முந்நூற்றைம்பது ஆண்டில் ஒரு துண்டு ரயில் நிலையத்தை ஒட்டிய கோல்டன் ஏக்கர் வணிக வளாகத்துக்குள் கிடக்கிறது. 1975இல் அஸ்திவாரம் தோண்டும்போது வெளிப்பட்டது. ஒரு தண்ணீர்த் தொட்டியின் சுவர். செல்போன் கடைகளின் பாட்டுச் சத்தத்துக்கு நடுவே குட்டையாக நிற்கும் அந்தக் கற்சுவர் 1663இல் டச்சுத் தளபதி வாகெனார் கட்டியது. மலை ஓடையைத் தேக்கிக் கப்பல்களுக்குத் தண்ணீர் கொடுக்க. இன்று நிற்கும் கற்கோட்டையைக் கட்டத் தொடங்கியதே அதற்கு மூன்று ஆண்டு கழித்து, 1666இல். இன்று கடல் அங்கிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கிறது. 1930களிலும் 40களிலும் கடலைத் தூர்த்து நிலமாக்கினார்கள். அன்று இந்த இடம் கடற்கரை ஓரம்.

தங்கமோ மிளகோ தேடி யாரும் இங்கே குடியேறவில்லை. தண்ணீருக்காக வந்தார்கள். 1510இல் இந்தியாவிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த போர்த்துகீசிய முன்னாள் வைஸ்ராய் அல்மெய்டாவும் இங்கே தண்ணீர் பிடிக்கத்தான் நிறுத்தினார். அவருடைய ஆட்கள் கோய் மக்களின் மாடுகளிலும் குழந்தைகளிலும் கைவைக்க, வந்த சண்டையில் அல்மெய்டாவே கரையில் செத்தார். அதற்குப் பிறகு போர்த்துகீசியர் இந்த விரிகுடாவைத் தவிர்த்தார்கள். 1647இல் ஹார்லெம் என்ற டச்சுக் கப்பல் இங்கே தரைதட்டியது. அதன் ஆட்கள் ஓராண்டு தங்கி, நல்ல தண்ணீர், நல்ல மண், பழகக்கூடிய மக்கள் என்று டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தார்கள். 1652 ஏப்ரலில் கம்பெனி அனுப்பிய யான் வான் ரீபெக் வந்து இறங்கினார்.

முதலில் கப்பல்களுக்குக் காய்கறியும் தண்ணீரும் மட்டும் என்றார்கள். 1657இல் லீஸ்பீக் ஆற்றங்கரையைத் தங்கள் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். நியூலண்ட்ஸ் பக்கத்து ஊற்றுகள் போய்ச் சேரும் ஆறு அதுதான். கோய் மக்கள் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த இடமும் அதுதான். 1659இல் போர் மூண்டது. டச்சுக்காரர்களின் பட்டாவியா நகருக்குப் போய் அவர்களை அருகிலிருந்து கவனித்துவிட்டு வந்திருந்த டோமான் என்பவர் மழை நாட்களாகப் பார்த்துத் தாக்கினார். நனைந்த திரியில் துப்பாக்கி வெடிக்காது என்பது அவருக்குத் தெரியும். மறு ஆண்டு சமாதானப் பேச்சில் கோய்த் தலைவர்கள் கேட்டதை வான் ரீபெக்கே தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். நாங்கள் உங்கள் ஹாலந்துக்கு வந்து இப்படிச் செய்தால் விடுவீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். நிலம் இருவருக்கும் போதாது என்றால், விலகவேண்டியது நிலத்துக்கு உரியவனா, வந்தவனா என்றும் கேட்டிருக்கிறார்கள். போரில் வென்றோம், வைத்துக்கொள்வோம் என்பது பதில்.

அதைவிட என்னை வதைத்தது ஒரு சின்ன விஷயம். காட்டு பாதாம் பொறுக்கிக்கொள்ளவாவது விடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அதன் கொட்டையைப் பச்சையாகத் தின்றால் நஞ்சு. ஊறவைத்து நச்சைப் போக்கித் தின்பார்கள், அவர்களுடைய உணவு அது. முடியாது என்று சொல்லிவிட்டார்கள். காரணம், வேலி போட அந்தக் கொட்டைகள் கம்பெனிக்கு வேண்டியிருந்தன. 1660இல் நட்ட அந்த வேலி கிர்ஸ்டன்போஷ் தாவரத் தோட்டத்தில் இன்றும் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். வளைந்து தரையைத் தொட்டு, தொட்ட இடத்திலிருந்து மறுபடி எழும்பும் தடித்த கிளைகள், தொட்டால் வெல்வெட்டுபோல் ரோமம் படர்ந்த பழுப்புக் காய்கள். அழகான மரங்கள்தான். ஒருவரின் சோற்றை எடுத்து அவருக்கே வேலியாக நட்டார்கள் என்பதை அறிந்த பிறகு அந்த நிழலில் என்னால் உட்கார முடியவில்லை.

அன்று குழாயடியில் சண்டை ஓய்ந்து, அம்மாளின் கேன்களை அவர் காரில் ஏற்ற உதவியபோது, “நீ எந்த ஊரும்மா?” என்று கேட்டார். சென்னை என்றேன். ஈஸ்டர் வாரம் அது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, மீன் இருக்கிறது என்றார். அங்கே வயதில் மூத்தவர்களை எல்லோரும் ஆன்ட்டி என்கிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

ஆன்ட்டியின் வீடு கேப் ஃப்ளாட்ஸில். மலைக்குக் கிழக்கே விரியும் மணல்வெளி அது. கடல்மட்டம் உயர்ந்திருந்த காலங்களில் அது தண்ணீருக்கடியில் கிடந்தது, மலைப்பகுதி தனித்தீவாக நின்றது. 1950இன் குழுப் பகுதிச் சட்டத்தின்கீழ், மலையடிவாரத்துப் பகுதிகளை வெள்ளையருக்கு என்று அறிவித்து, மற்றவர்களைப் பெயர்த்து இந்த மணலில் கொண்டுவந்து போட்டார்கள். நிலவியல் படத்தையும் நிறவெறிக் காலத்துக் குடியிருப்புப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஊற்றும் நிழலும் கல்லும் ஒரு பக்கம், காற்றும் மணலும் மறுபக்கம்.

மேசையில் கண்ணாடிப் பாத்திரத்தில் மீன் வந்தது. பொரித்த துண்டுகளை, வட்டமாக அரிந்த வெங்காயம், மஞ்சள், மசாலா, பிரிஞ்சி இலை, சர்க்கரை போட்டுக் கொதிக்கவைத்த வினிகரில் இரண்டு நாள் ஊறப்போட்டது. ஆறிய மீன். கூடவே இனிப்பு பன், வெண்ணெய் தடவி! இனிப்பு ரொட்டியோடு மீனா என்று என் நாக்கு முரண்டு பிடித்தது. முதல் வாய் ஒரு மாதிரி இருந்தது. இரண்டாவது வாயில் மஞ்சளும் புளிப்பும் வெங்காயமும் எங்கள் வீட்டு முந்தின நாள் மீன்குழம்பின் சாயலுக்கு வந்துவிட்டன. புளி ஊற்றினால் இன்னும் நன்றாக இருக்கும் என்றேன். “என் மாமியாரும் அதையேதான் சொன்னாள், அவளுக்கும் தெரியாது” என்று சொல்லி இன்னொரு துண்டு வைத்தார்.

பேரன் ஒருவன் பதிவேடுகளைத் தேடி எழுதிய குடும்ப வரலாற்றை எடுத்துக் காட்டினார். மேலே போகப்போகப் பெயர்கள் குறைந்து, உச்சியில் ஒரு பெண். கிறிஸ்தவப் பெயர், அதன் பின்னால் ஊருக்குப் பதில் ‘வான் டெ கஸ்ட்’. கரையைச் சேர்ந்தவள். கம்பெனிக் கணக்கில் கரை என்றால் பெரும்பாலும் சோழமண்டலக் கரை. 1652 முதல் 1808 வரை கேப்புக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் ஏறக்குறைய 63,000 பேர் என்றும், அவர்களில் நான்கில் ஒருவர் இந்தியாவிலிருந்து வந்தவர் என்றும் வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். கோய் மக்கள் லீஸ்பீக் கரைக்காகப் போரிட்ட அதே 1659 வாக்கில்தான் தஞ்சை நாட்டில் பீஜப்பூர்ப் படைகள் புகுந்து பஞ்சம் வந்தது. நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் டச்சுக்காரர்கள் 8,000 முதல் 10,000 பேரை வாங்கிப் பெரும்பாலோரை இலங்கைக்கு ஏற்றினார்கள். ஆன்ட்டியின் மூதாய் அந்தக் கூட்டத்தில் இல்லை, பல ஆண்டு பிந்தியவள். ஆனால் அதே துறைமுகங்கள், அதே கம்பெனி.

“அந்தக் கரையில் எந்த ஊராக இருக்கும்?” என்று கேட்டார். நாகப்பட்டினம், பழவேற்காடு என்று இரண்டு பெயர்களையும் சொன்னேன், இரண்டில் ஒன்றாக இருக்கலாம் என்றேன். அங்கே தண்ணீர் எப்படி என்று கேட்டார். பழவேற்காட்டில் ஏரி இருக்கிறது, ஆனால் உப்பு கலந்தது என்று சொன்னேன்.

எங்கள் நிலைமையைப் பார் என்று பின்வாசலைக் காட்டினார். கோடையில் மணல் காற்றோடு சமையலறைக்குள் வரும். குளிர்கால மழையில் மணலுக்கடியில் தண்ணீர் ஏறி, கதவு வழியாக இல்லாமல் தரை வழியாகவே வீட்டுக்குள் வரும். குடிக்க ஆகாது. மலை ஊற்றுகளின் கதையோ வேறு. ஊர் பெருத்ததும் நகரம் தூரத்து அணைகளை நம்பத் தொடங்கியது. அந்த அணைகள் வற்றிய 2018இலும், பழைய ஊற்று நீரில் பெரும்பகுதி நகரத்துக்கு அடியில் பழைய கால்வாய்கள் வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆன்ட்டிக்கு அது தெரியும். அதனால்தான் வாரம் தவறாமல் அத்தனை தூரம் காரை ஓட்டிக்கொண்டு, தான் பிறந்த தெருவைத் தாண்டி, அந்த வரிசையில் போய் நிற்கிறார்.