அப்பாயி கோலமும் ஆப்பிள் மேக்கும்

உங்க வீட்டுலயும் சிங்கப்பூர் மாமா யாராவது கழிச்சுவிட்ட பழைய மேக்புக் இருக்கா பாஸ்? அப்ப நீங்க நம்ம கட்சி! தெருவே வந்து பார்த்து, "ஆப்பிள்டா!"னு வாயைப் பிளக்கும். ஆனா, ஒரு படம் வரையலாமேன்னு உட்கார்ந்தா, உள்ளே அதுக்குன்னு உருப்படியா ஒண்ணும் இருக்காது. விண்டோஸ்காரங்களுக்கு பெயின்ட் இருக்கு. மேக்ல 'பிரிவியூ'ன்னு ஒண்ணு... படத்து மேல கோடு கிழிக்கலாம், அம்புக்குறி போடலாம். அவ்வளவுதான். இத்தனைக்கும் 1984-ல் முதல் மெக்கின்டாஷ் வந்தப்போ, பில் அட்கின்சன் எழுதின 'மேக்பெயின்ட்' கூடவே சும்மா வந்துச்சு!

இந்த இடத்துலதான் ஹாஸ்டல்ல ஒரு புண்ணியவான் பென் டிரைவோட என்ட்ரி கொடுப்பார். "மச்சி, கிராக் வெர்ஷன் இருக்கு, போட்டுக்க!" பெரிய கும்பிடா போட்டு அனுப்பிடுங்க. அதுக்குள்ள என்னென்ன வைரஸ் குடித்தனம் நடத்துதுன்னு அவருக்கே தெரியாது.

எனக்கு வரையற சாஃப்ட்வேர் தேவைப்பட்டது எங்க அப்பாயிக்காக.

பாபநாசம் பக்கம் எங்க கிராமம். மார்கழி வந்தா எங்க வாசலைத் தாண்டிப் போற சைக்கிள் எல்லாம் ஸ்லோ ஆகும். அப்பாயி கோலம் அப்படி. அதுகிட்ட ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கு. உள்ளே பாதிப் பக்கத்துல கோலமே இருக்காது. 'இடுக்குப்புள்ளி 15-8' அப்படின்னு மட்டும் எழுதியிருக்கும். நடு வரிசையில 15 புள்ளி, மேலயும் கீழயும் ஒவ்வொண்ணா குறைச்சு 8-ல் நிறுத்தணும். மொத்தம் 169. சரி, கம்பி எங்கே வளையும், எங்கே திரும்பும்? அது நோட்டுல இல்லை. அப்பாயி விரல்ல இருக்கு. போன மார்கழியிலேர்ந்து அந்த விரல் நடுங்குது. அம்மாவுக்கு நேர்ப்புள்ளி மட்டும்தான் வரும். (பேசாம ஸ்டிக்கர் கோலம் வாங்கி ஒட்டிடலாம்னு அப்பா சொல்லப்போய், ரெண்டு நாள் அவருக்கு வீட்டுல சோறு மட்டும்தான் கிடைச்சது, பேச்சு கிடைக்கலை!)

அதனால, எனக்கு ரெண்டு கண்டிஷன். காசு கேட்கக் கூடாது. இன்னும் இருபது வருஷம் கழிச்சு திறந்தாலும் கோலம் திறக்கணும்.

இந்த ரெண்டாவது கண்டிஷன்தான் கண்ணு முழிக்க வெச்சது. ஏன்னா, எல்லா ஃப்ரீயும் ஒரே ஃப்ரீ இல்லை. ஸ்கெட்ச்புக்னு ஒரு சூப்பர் சாஃப்ட்வேர். ஆட்டோடெஸ்க் கம்பெனி 2018-ல் அதை முழுசா இலவசமாக்குச்சு. 2021-ல் அது தனி கம்பெனிக்குக் கை மாறுச்சு. இப்ப மேக் கம்ப்யூட்டர்ல போடணும்னா காசு. தப்புன்னு சொல்லலை, அவங்க பொருள், அவங்க விலை. கொடுத்தவங்க நினைச்சா நிறுத்தலாம்.

இன்னொரு வகை ஃப்ரீ, நம்ம டெல்டாக்காரங்களுக்கு ஈஸியா புரியும். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல 'நெல்' ஜெயராமன் (2018-ல் காலமானார்) நெல் திருவிழா நடத்தி, பாரம்பரிய விதை 2 கிலோ கொடுப்பார். அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பிக் கொடுக்கணும். அது இன்னொருத்தர் வயலுக்குப் போகும். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-ல் எழுதின ஜி.பி.எல். லைசென்ஸும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். எடுத்துக்க, பிரிச்சுப் பாரு, மாத்து, யாருக்கு வேணா கொடு. ஆனா, மாத்தினதைக் கொடுக்கும்போது அதே உரிமையையும் சேர்த்துக் கொடு. ஒருத்தர் கடையை மூடினாலும் விதை அழியாது. சோடிபோடின்னு ஒரு சாஃப்ட்வேர்லேர்ந்து 2003-ல் சிலர் பிரிஞ்சு வந்து வளர்த்ததுதான் 'இங்க்ஸ்கேப்'. என் கோலம் இப்ப அதுலதான் இருக்கு.

நோட்டுப் பக்கத்தை செல்போன்ல போட்டோ எடுத்துக்கறேன். எண்ணெய்க் கறை, மஞ்சள் கறையை எல்லாம் 'கிம்ப்'ல வெளுக்க வைக்கறேன். (1995-ல் பெர்க்லி மாணவர்கள் ரெண்டு பேர் காலேஜ் புராஜெக்ட்டா ஆரம்பிச்சது கிம்ப். நம்ம புராஜெக்ட்டை எங்கே காசு கொடுத்து வாங்கறோம்னு இங்கே பேச வேண்டாம்!) அதை இங்க்ஸ்கேப்ல அடி லேயரா வெச்சு, மேல வரையறேன்.

லேயர்னா? நம்ம பெரிய கோயிலை நினைச்சுக்குங்க. கருவறையைச் சுத்தின உள் பாதையில, நாயக்கர் காலத்து ஓவியத்துக்கு அடியில சோழர் ஓவியம் ஒளிஞ்சிருக்கறதை 1931-ல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டுபிடிச்சார். பிற்பாடு தொல்லியல் துறை, மேலே இருந்ததை அலுங்காம பெயர்த்து ஃபைபர்கிளாஸ் பலகைக்கு மாத்தி, ரெண்டையும் காப்பாத்துச்சு. நமக்கு அது ஒரு கண் படத்தை க்ளிக் பண்ற வேலை!

இங்க்ஸ்கேப்ல 'ஆக்சோனோமெட்ரிக் கிரிட்'னு ஒண்ணு இருக்கு. ஆன் பண்ணினா முக்கோண முக்கோணமா கட்டம் விழும். முனைக்கு முனை புள்ளி வெச்சா அதுதான் இடுக்குப்புள்ளி! ஆறு பக்கமும் ஒரே மாதிரி வர்ற கோலம்னா, ஆறுல ஒரு பங்கு வரைஞ்சா போதும், மீதியை 60 டிகிரி திருப்பித் திருப்பி ஒட்டிடலாம். பேனா டேப்லெட் வேண்டாம், சாதா மவுஸ் போதும். படத்தைத் தானாவே கோடா மாத்தற வசதியும் இருக்கு. ஆனா, அது பென்சில் நடுக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கும். அதனால, அப்பாயி பக்கத்துல உட்கார்ந்துக்கும். "இன்னும் கொஞ்சம் உள்ளே வாங்குடா தம்பி... போதும், போதும்... ம், இப்ப விடு." கம்பி அழகா மூச்சு விடும்.

சேவ் ஆகறது எஸ்.வி.ஜி. ஃபைல். எந்த பிரவுசர்லயும் திறக்கும். நோட்பேட் மாதிரி ஒண்ணுல திறந்தா, வளைவு எல்லாம் நம்பரா தெரியும். தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன்ல அரியர் வெச்சிருக்கவங்க கவனிக்க... தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ரெண்டு பேரும் கமலா கிருதிவாசனோட சேர்ந்து 1974-லயே கோலத்துக்கு இலக்கணம் எழுதி ஆராய்ச்சிக் கட்டுரை போட்டிருக்காங்க!

கோலம் வேண்டாம், பிரஷ்ல கலர் அடிச்சு விளையாடணும்னா 'கிரிட்டா'. ஸ்வீடிஷ்ல கிரிட்டான்னா சாக்குக்கட்டி. இதுவும் ஜி.பி.எல். அவங்க சொந்த வெப்சைட்ல இலவசம். ஆப்பிள் ஸ்டோர்ல காசு, அது அந்தக் குழுவுக்கு நாம கொடுக்கற மொய். மல்ட்டிபிரஷ்னு ஒரு டூல் இருக்கு, ஒரு கோடு இழுத்தா சுத்தி ஆறு கோடு விழும். அரை மணி நேரம் போறதே தெரியாது, இன்டர்னலுக்கு முந்தின நாள் தொடாதீங்க.

டவுன்லோடு பண்றதுக்கு முன்னாடி ஆப்பிள் மெனுவுல 'அபவுட் திஸ் மேக்' பாருங்க. சிப் 'எம்' வகையா, இன்டெலான்னு தெரிஞ்சு அதுக்கான ஃபைலை எடுக்கணும். மாமா மேக் ரொம்பப் பழசுன்னா புது வெர்ஷன் முரண்டு பிடிக்கலாம். அவங்க சைட்லயே பழைய வெர்ஷன்களும் கிடைக்கும்.

இதுவரைக்கும் பதினோரு கோலம் முடிஞ்சிருக்கு. 21-11ன்னு ஒரு பக்கம். 331 புள்ளி. கல்யாணமாகி வந்த வருஷம் போட்டதாம். அஞ்சாவது வரிசை வரைக்கும் சொல்லுச்சு அப்பாயி, அதுக்கு மேல திருப்பம் ஞாபகம் வரலை. "இருடா, ராத்திரி படுத்தா வந்துடும்"னு சொல்லி ரெண்டு வாரமாச்சு. புள்ளியை மட்டும் வெச்சு சேவ் பண்ணி வெச்சிருக்கேன்.