பரணை இறக்கினால் பாரம் குறையும்!

வீட்டில் பொருள் குறைந்தால் மனதில் சந்தோஷம் கூடுமாம்! ஜப்பானின் மரி கோண்டோ 2019-ல் நெட்ஃபிளிக்ஸ் தொடரில் வந்து இதைச் சொன்னதும், உலகத்தில் பாதிப் பேர் அலமாரியைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, 'இது மகிழ்ச்சி தருகிறதா?' என்று கேட்க வேண்டும். தராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும். அவர் வழி அவ்வளவுதான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ராயபுரத்தில் ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் பிளாஸ்டிக் குடத்தைப் பார்த்து யார் இப்படிக் கேட்பார்கள்? மகிழ்ச்சி தருகிறதோ இல்லையோ, தண்ணீர் லாரி வரும்போது குடம் இருந்தே ஆக வேண்டும்! வடசென்னை வீடுகளுக்கு வேறு கேள்விதான் பொருந்தும். 'இதை யார் துடைப்பது?'

காரணம் தூசி. சென்னைத் துறைமுகத்தில் இறக்கிய நிலக்கரியின் தூசியால் சுற்றியிருந்த மக்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2011-ல் உயர் நீதிமன்றம் அங்கே நிலக்கரி கையாளுவதை நிறுத்தச் சொன்னது. அந்த வேலை எண்ணூர் துறைமுகத்துக்குப் போனது. அனல்மின் நிலையங்கள் ஏற்கெனவே அந்தப் பக்கம்தான். போதாதற்கு திருவொற்றியூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள். காலையில் துடைத்த ஜன்னல் கம்பியில் சாயங்காலம் விரலை வைத்தால் கருப்பாக வரும்.

இந்தத் தூசிக்கு வீட்டில் இருப்பவர்கள் பொறுப்பல்ல. ஆனால் துடைப்பது அவர்கள்தான். ஷோகேஸில் இருபது பொம்மை இருந்தால் இருபதையும் துடைக்க வேண்டும். ஐந்து இருந்தால் ஐந்து. பெரும்பாலும் பொம்மையை வாங்கி வருவது ஒருவர், துடைப்பது அம்மா! பொருளைக் குறைப்பது அழகுக்காக மட்டும் இல்லை. அந்த அம்மாவுக்குத் தினமும் அரை மணி நேரம் மிச்சம். வாசற்படியில் உட்கார்ந்து நிம்மதியாக ஒரு டீ குடிக்கலாமே... சந்தோஷம் என்பது அதுதானே?

சரி, கழித்ததை என்ன செய்வது? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். போகி வந்தால் பாய், டயர், பிளாஸ்டிக் எல்லாம் தெருவில் எரியும். 2018 ஜனவரி 13 போகியன்று புகைமூட்டத்தால் சென்னையில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. விமானம் பெங்களூருக்குப் போய்விடும். பக்கத்து வீட்டு ஆஸ்துமாக்காரர் எங்கே போவார்?

குப்பைத்தொட்டியில் போட்டாலும் அது மாயமாகிவிடாது. வடசென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாகக் குவிந்தது கொடுங்கையூரில். ஒரு வீடு சுத்தமாக, இன்னொருவர் வீட்டு வாசல் நாறியது.

இதற்கு நம் தெருக்களிலேயே நல்ல வழி உண்டு. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம், பழைய துணிக்குப் பாத்திரம் என்று கூவிக்கொண்டு வந்தவர்களை மறக்க முடியுமா? இன்றும் காயலான் கடை இருக்கிறது, பழைய பேப்பர் கடை இருக்கிறது. பாடப்புத்தகம், சின்னதாகிப் போன யூனிஃபார்ம் எல்லாம் கேட்டு வாங்கிக்கொள்ள அடுத்த வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அப்புறம் சில சின்னப் பழக்கங்கள். காய்ந்த துணியை அன்றே மடித்து வைப்பது. ராத்திரியே பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பது. ஒன்று வாங்கினால் ஒன்றைக் கொடுத்துவிடுவது. ரேஷன் கார்டு, சான்றிதழ், பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரமாக வைப்பது. கடைசிப் பழக்கம் எவ்வளவு முக்கியம் என்று 2023 டிசம்பரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து எண்ணூர்ப் பகுதியில் புகுந்தபோது, தரையோடு தரையாக இருந்த எதுவும் தப்பவில்லை.

வேண்டாததைக் கழிப்பது நல்லதுதான். ஆனால் நம் பாரத்தை இன்னொருவர் தலையில் ஏற்றினால் அது கழித்ததாகாது, இடம் மாற்றியதுதான்!

இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறிப் பாருங்கள் நண்பர்களே. அம்மாவை ஏறச் சொல்லாமல், நீங்களே!