ஜாம் போத்தல் விளக்கு

போன தை மாதத்தில் ஓர் இரவு எங்கள் ஸ்காபரோ வீட்டு ஃபேர்னஸ் நின்றுபோனது. வெளியே பூச்சியத்துக்குக் கீழே 17 பாகை. காலையில் வந்த திருத்துநர் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணை, இது முடிஞ்சுது. நாளைக்கே புது காஸ் ஃபேர்னஸ் பூட்டித் தரலாம்" என்றார். நான் தலையாட்டினேன்.

"அப்பா, இப்ப காஸ் போட்டால் இன்னும் பதினைஞ்சு வருசத்துக்கு காஸ்தான். ஹீட் பம்ப் போடுவம்" என்றாள் மகள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஆல்பெர்ட்டாவில எண்ணெய் தோண்டுறவையிட்டைப் போய்ச் சொல்லு. குளிருக்குள்ள இருக்கவோ நான் இந்த நாட்டுக்கு வந்தனான்?"

"அவையிட்டையும் சொல்லத்தான் வேணும். ஆனா இந்த வீட்டில முடிவெடுக்கிறது நீங்கள்தானே?"

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. வாடகைக்கு எடுத்த சின்ன ஹீற்றரின் முன்னால் இருந்து, ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று யோசித்தேன்.

1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெயைக் கரண்டிக் கணக்கில் ஜாம் போத்தலுக்குள் விட்டு, திரி போட்டுக் கொளுத்திப் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். நாங்கள் தமிழோசை கேட்போம். அந்த நாட்களில் எங்களைவிடக் குறைவாகப் புகை விட்டவர்கள் உலகில் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். அது நாங்கள் விரும்பி ஏற்ற சிக்கனமல்ல, எங்கள்மேல் சுமத்தப்பட்டது. அதனால்தான் கனடாவில் சொந்த வீடு வாங்கிய அன்று தேர்மோஸ்ராற்றை 23இல் வைத்தேன். யுத்தம் எனக்கு முடிந்தது அந்த இலக்கத்தில்தான். "குறையுங்கோ" என்று யார் சொன்னாலும் என் காதில் "தடை" என்றே விழுகிறது.

மூன்றாம் நாள் பழைய பில்களை எடுத்தேன். ஆண்டுக்கு 2,300 கன மீற்றர் வாயு எரித்திருக்கிறோம். ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 1.9 கிலோ கரியமிலவாயு. நாலு தொன்னுக்கு மேல், சூட்டுக்கும் சுடுதண்ணீருக்கும் மட்டும். இலங்கையில் ஓர் ஆளின் முழு ஆண்டுக் கணக்கே ஏறத்தாழ ஒரு தொன்தான். ஒன்ராறியோ 2014இல் நிலக்கரி மின்நிலையங்களை மூடிவிட்டது. இங்கே மின்சாரத்தின் பெரும்பகுதி அணுவிலிருந்தும் நீரிலிருந்தும் வருகிறது. அப்படியானால் என் வீட்டில் புகைவது நிலவறையில் இருந்த அந்தப் பெட்டிதான்.

ஹீட் பம்பைப் பற்றியும் வாசித்தேன். ஃபிரிட்ஜ் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுவதுபோல, இது வெளிக்காற்றின் சூட்டை உள்ளே இழுக்கிறது. உறைகுளிர்க் காற்றிலும் சூடு உண்டு என்பதே எனக்குப் புதினம். ஒரு பங்கு மின்சாரத்துக்கு இரண்டு மூன்று பங்கு சூடு வரும். கடுங்குளிரில் அது குறையும்.

மகளைக் கூப்பிட்டுக் கணக்கைக் காட்டினேன். ஒளிக்க விரும்பாத இன்னொன்றையும் சொன்னேன்: அம்மாவைப் பார்க்கக் கொழும்புக்குப் பறந்து வந்தால் ஓர் இருக்கைக்கு இரண்டு தொன்னுக்கு மேல்.

"அப்பம்மாவைப் பார்க்க வேண்டாமெண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை" என்றாள். கண் கலங்கியிருந்தது.

அம்மாவின் கிணறு இப்போது உவர்க்கிறது. அளவுக்கு மீறி இறைத்தது ஒரு காரணம். கடல் மட்டம் உயர உயர, அந்தச் சுண்ணாம்புக் கல்லுக்குள் உப்பு இன்னும் ஏறும். அம்மாவிடம் போகாமல் இருக்க என்னால் முடியாது. வருடா வருடம் போனதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, கூடுதல் நாள் நிற்பது என்று மாற்றிக்கொண்டேன். ஃபேர்னஸை விட முடியும். விட்டேன். காசு கூடத்தான் போனது. மனைவி அதை இன்னும் மறக்கவில்லை.

வீடு இப்போது 20 பாகை. சுவெற்றரோடு இருந்த என்னை வீடியோவில் பார்த்து அம்மா பதறினார்.

"ஏன் தம்பி, அங்கை கரண்ட் இல்லையோ?"

"இருக்கம்மா" என்றேன். "நான்தான் குறைச்சு வைச்சிருக்கிறன்."