போர்வையை எடுக்கச் சொன்னவன் நான்

நான் சுவரோவியம் வரைகிறவன். கும்பகோணத்தில் படித்தவன். ஒரு ஆஸ்பத்திரிச் சுவரில் நான் வரைந்ததையும், அதைக் காப்பாற்ற நான் செய்ததையும் சொல்கிறேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். தப்பு அதனுடையது அல்ல.

டயாலிசிஸ் வார்டு. ஏழு மிஷின், ஏழு கட்டில். எதிரே இருபத்திரண்டு அடிக்கு வெற்றுச் சுவர். வரைந்து தருகிறேன், பணம் வேண்டாம் என்று நானாகப் போய்க் கேட்டேன். சேவை என்றார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. எங்கள் ஊரில் இன்னொரு ஓவியருக்கு பஸ் ஸ்டாண்டு சுவர் கிடைத்திருந்தது. எனக்கு அதைவிடப் பேர் வாங்கித் தரும் சுவர் வேண்டியிருந்தது.

லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ ஆஸ்பத்திரியில் வில்லியம் ஹோகார்த் 1730களில் காசு வாங்காமல் இரண்டு பெரிய ஓவியங்கள் வரைந்தார். அந்த வேலை ஒரு இத்தாலிய ஓவியருக்குப் போகப்போகிறது என்று தெரிந்ததும்தான் அவர் முன்வந்தார். திறப்பு விழாவில் ஹோகார்த்தின் பெருந்தன்மையைப் பேசினேன். இத்தாலியரைப் பற்றி மூச்சு விடவில்லை.

விண்ணப்பத்திலும் ஒரு வேலை செய்தேன். 1984இல் ரோஜர் உல்ரிச் 'சயன்ஸ்' இதழில் எழுதிய ஆய்வைக் காட்டினேன். பென்சில்வேனியாவில் ஒரு ஆஸ்பத்திரி. பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேர். ஜன்னலில் மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு போனார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 'ஓவியம் நோயை ஆற்றும் என்று விஞ்ஞானமே சொல்கிறது' என்று எழுதினேன். அந்த ஆய்வில் ஓவியமே இல்லை. மரம்தான் இருக்கிறது. நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். கவனித்தேன். சூப்பரின்டென்ட் கவனிக்கமாட்டார் என்று நினைத்தேன்.

அந்த மரத்தையாவது வரைந்திருக்கலாம். எனக்கு அது கேவலமாகப் பட்டது. மரம், குளம், கொக்கு எல்லாம் காலண்டர் கம்பெனிக்காரன் வேலை. என் பாணி வேறு. கறுப்புத் தரையில் சிவப்புக் கோடுகள் கிளை கிளையாகப் பிரிந்து வளைந்து ஓடும். 'உயிர்நதி' என்று பெயர் வைத்தேன். கடைசி ஷிஃப்ட் முடிந்து வார்டு காலியான பிறகு, பதினொரு ராத்திரி வரைந்தேன். ஏணியிலிருந்து பார்த்தேன். வாசலில் நின்று பார்த்தேன். மிஷின் ஓடும்போது ஒரு நாள்கூட அங்கே உட்காரவில்லை. ஒரு கட்டிலிலும் படுத்துப் பார்க்கவில்லை.

படுத்திருந்தால் தெரிந்திருக்கும். கையில் இரண்டு ஊசி. ஒரு குழாய் வழியாக ரத்தம் வெளியே வரும், நிமிடத்துக்குக் கால் லிட்டர் கணக்கில். மிஷினில் சுத்தமாகி இன்னொரு குழாய் வழியாகத் திரும்பும். நாலு மணி நேரம். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. தன் ரத்தம் தன் தோளோரமாக ஓடுவதைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்புகிறவருக்கு, திருப்பிய பக்கமெல்லாம் அதே குழாயை வரைந்துவைத்தேன்.

ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் முதல் வாரமே சொன்னார்: "எங்க ட்யூபை அப்படியே போட்டுட்டீங்களே சார்." பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் கட்டிலில் ஒரு அம்மா. அறுபது வயது இருக்கும். பூக்கட்டி விற்பவர். சுவர் ஒழுகுகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். கட்டிலைத் திருப்பிப் போட வழியில்லை. ஆர்.ஓ. தண்ணீர்க் குழாயும் வடிகாலும் பின்சுவரோடு இருக்கின்றன. அதனால் ஊசி போட்டதும் புடவைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார். டெக்னீஷியன் பையன் எனக்குப் போன் செய்தான்.

"சார், மிஷின்ல போட்டா முகம் தெரியணும். பி.பி. இறங்கினா கொட்டாவி வரும், வேர்க்கும், முகம் வெளுக்கும். அதைப் பார்த்துதான் பிடிப்போம். அந்தம்மா மூடிக்கிறாங்க. அவங்களுக்கு நேரா இருக்கிற இடத்தை மட்டும் கொஞ்சம் மாத்தித் தர முடியுமா?"

"பழகிடும் தம்பி. நல்ல படம் மொதல்ல உறுத்தத்தான் செய்யும்" என்றேன். இதைச் சொல்லி முடித்தபோது எனக்கு என் வாக்கியமே பிடித்திருந்தது.

அவன் என்னோடு வாதாடவில்லை. நைலான் கயிறு கட்டி, ஆஸ்பத்திரியின் பச்சைப் போர்வை இரண்டை அந்த இடத்தில் தொங்கவிட்டான். அம்மா முகத்தை மூடுவதை நிறுத்திவிட்டார். அவ்வளவுதான் தேவைப்பட்டது. இரண்டு போர்வை.

பத்து நாள் கழித்து ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரரை அழைத்துக்கொண்டு போனேன். போர்வையைப் பார்த்ததும் காது சுட்டது. டெக்னீஷியன் பையனிடம், எடு என்றேன். "அந்தம்மா மிஷின்ல இருக்காங்க சார். ரெண்டு மணிக்கு இறங்கிடுவாங்க" என்றான். புகைப்படக்காரர் டீ சாப்பிட்டுவிட்டு வரலாம் என்றார். அவர் காத்திருக்கத் தயாராக இருந்தார். நான் இல்லை. நேரே சூப்பரின்டென்ட் அறைக்குப் போய், என் படத்தை அவமானப்படுத்துகிறார்கள் என்றேன். அவர் போனில் ஒரு வார்த்தை சொன்னார்.

போர்வையை நானே அவிழ்த்தேன். சுருட்டிக் கட்டில் காலோரம் வைத்தேன். அம்மா என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தலைப்பை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். நான் அதைப் பார்த்தேன். பையன் போனில் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. வந்ததா என்று சந்தேகமே வேண்டாம், வந்தது. அவனைக் கூப்பிட்டு, லைட்டைக் கொஞ்சம் இடது பக்கம் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன்.

கட்டில்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவன் என் சுவருக்கு வெளிச்சம் பிடித்துக்கொண்டிருந்தான். தலைப்புக்குள் அந்த அம்மாவின் முகம் எப்போது வெளுத்தது என்று யாருக்கும் தெரியாது. கட்டில் கடகடவென்று ஆடியபோதுதான் திரும்பினோம். வலிப்பு. தலைமாட்டைத் தாழ்த்தினார்கள். சலைன் ஏற்றினார்கள். சிஸ்டர் ஓடிவந்து எங்களை வெளியே தள்ளினார்.

நாலு நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார். பிழைத்தார். ஆனால் பி.பி. விழுந்ததில் ஊசி போடுவதற்காகக் கையில் அறுவை செய்து இணைத்திருந்த ரத்தக்குழாய், ஃபிஸ்டுலா, அடைத்துப்போனது. கழுத்தில் குழாய் போட்டார்கள். வலது கையில் புதிதாக அறுவை செய்தார்கள். அது ஊசி தாங்கும் பக்குவத்துக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அந்தக் கையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பூ கட்டுகிற கை. மகள் வேலையை விட்டுவிட்டுத் துணைக்கு வந்தாள்.

நோயாளி முகத்தை மூட ஏன் விட்டாய் என்று கேட்டு டெக்னீஷியனுக்கு மெமோ. வேறு வேலையில் இருந்ததாக எழுதிக் கொடுத்தான். என்ன வேலை, யார் சொன்ன வேலை என்று எழுதவில்லை. சூப்பரின்டென்ட் என்னைக் கேட்டார்: "நீங்க இருந்தீங்களே, என்ன நடந்தது?"

"கவனிக்கலை சார். படம் எடுக்கிறதுல இருந்தேன்" என்றேன்.

அவனுக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. எட்டு மாதம் கழித்துத்தான் நடந்ததை எல்லாம் கடிதமாக எழுதிக் கொடுத்தேன். அதற்குள் அவன் ஊரை விட்டே போயிருந்தான். அவனுடைய நம்பர் என்னிடம் இருக்கிறது. இதுவரை கூப்பிடவில்லை. பயம்தான்.

அதன் பிறகு நிறையப் படித்தேன். அதே உல்ரிச் 1993இல் ஸ்வீடனின் உப்சாலாவில் இதய அறுவை செய்துகொண்டவர்கள் எதிரே படங்கள் வைத்துப் பார்த்திருக்கிறார். மரமும் தண்ணீரும் இருந்த காட்சி பதற்றத்தைக் குறைத்தது. நேர்கோட்டு அரூப ஓவியம் ஒன்று, படமே இல்லாமல் இருப்பதைவிட அதிகப் பதற்றம் தந்தது. ஃபின்லாந்தின் பைமியோ காசநோய் ஆஸ்பத்திரியில் ஆல்வார் ஆல்டோ அறையின் கூரைக்கு அடர்பச்சை அடிக்கச் சொன்னார். நோயாளி நாள் முழுக்க மல்லாந்து கிடப்பவர், அவருக்குச் சுவரைவிடக் கூரைதான் அதிகம் தெரியும் என்று யோசித்தார். அது 1933இல் திறந்த கட்டடம். இதையெல்லாம் முன்பே படித்திருந்தால் என்று நான் சொல்லமாட்டேன். படித்திருந்தாலும் மரம் வரைந்திருக்கமாட்டேன்.

சுவருக்கு இப்போது வெள்ளை அடித்தாயிற்று. அன்றைக்கு எடுத்த புகைப்படம் மட்டும் இருக்கிறது. போன வருடம் ஒரு கண்காட்சி மலருக்கு அதை அனுப்பினேன். கீழே வலது மூலையில் சுருட்டி வைத்த பச்சைப் போர்வையும் ஒரு கட்டில் காலும் தெரிகின்றன. அந்த மூலையை வெட்டிவிட்டுத்தான் அனுப்பினேன்.