பரண் கட்டுபவர்

வேட்டை நூல்களைப் படித்தவர்களுக்கு 'மச்சான்' என்னும் சொல் பழக்கமானது. மரத்தின் மேல் கட்டப்பட்டு, வேட்டைக்காரர் ஏறி அமரும் மேடைக்கு வடநாட்டில் வழங்கும் பெயர் அது. நம் வீடுகளிலோ அச்சொல்லைக் கேட்டதும் அக்காளின் கணவர்தாம் நினைவுக்கு வருவார். புலியை எதிர்பார்த்து விடிய விடிய மச்சானில் அமர்ந்திருந்த கதையை முதன்முதலாகப் படித்தபோது, பாவம், அந்த மனிதர் எப்படித் தாங்கினாரோ என்று என் தங்கை சிரித்தது இன்னும் காதில் ஒலிக்கிறது. 'மஞ்சம்' என்னும் வடசொல்லின் வழியாக வந்த சொல் என்று பிற்காலத்தில் அறிந்துகொண்டோம். தமிழில் நாம் பரண் என்கிறோம். தினைப்புனம் காத்த சங்ககாலத்துக் குறிஞ்சிப் பெண்கள் அமர்ந்ததை இதணம் என்றும் கழுது என்றும் நம் முன்னோர் குறித்தனர். ஆக, உயரத்தில் அமர்ந்து பயிரைக் காப்பதும் விலங்குக்குக் காத்திருப்பதும் இம்மண்ணில் நேற்றுத் தோன்றிய வழக்கங்கள் அல்ல.

வேட்டைக் கதைகளில் துப்பாக்கியைப் பற்றி எவ்வளவோ எழுதுகிறார்கள். குழலின் அளவு, தோட்டாவின் வகை, குறி பார்த்த கணம் என்று பக்கங்கள் நிறைகின்றன. தம்மை இரவு முழுவதும் தாங்கிய கயிற்றைப் பற்றி எழுதியவர் மிகச் சிலரே. ஜிம் கார்பெட் ருத்ரபிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையை 1926 மே மாதத்தில் சுட்டு வீழ்த்தினார். எட்டு ஆண்டுகளில் 125 பேரைக் கொன்றதாக அரசுக் கணக்கில் ஏறியிருந்த விலங்கு அது. யாத்திரிகர் செல்லும் பாதையோரத்து மாமரம் ஒன்றில், பரண் மீது பல இரவுகள் காத்திருந்த பிறகே அது அவருக்குக் கிட்டியது. சுட்டவர் பெயரை உலகம் அறியும். அந்தப் பரணைத் தாங்கிய முடிச்சுகள் யாருடைய விரல்களால் இடப்பட்டவை என்று கேட்கத் தோன்றுவது, பரண் கட்டுவதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு மட்டுமே.

அவ்வாறு பார்க்கும் வாய்ப்பு எனக்குச் சிறு வயதில் கிட்டியது. கம்பம் பள்ளத்தாக்கில், மேகமலை அடிவாரத்தில் என் மாமுவுக்கு ஐந்து ஏக்கர் மானாவாரி நிலம் இருந்தது. ஆடியில் கடலை விதைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் காட்டுப்பன்றிகள் கூட்டமாக இறங்கி வந்து ஓர் இரவிலேயே பாதி நிலத்தைக் கிளறிவிட்டுப் போய்விடும். பன்றி நமக்கு உண்ணத் தகாதது. ஆயினும் அது நம் கடலையை உண்பதற்கு அத்தகைய தடை எதுவும் இல்லையே! எனவே மாமு ஆண்டுதோறும் நிலத்து மேட்டிலிருந்த புளியமரத்தில் பரண் கட்டச் சொல்வார். கட்டித் தருபவர் மலையிலிருந்து இறங்கிவரும் பளியர் குலத்து முதியவர் ஒருவர். தேனெடுக்கும் காலத்தில் செங்குத்தான பாறைகளில் கொடியைப் பற்றித் தொங்கியவர். எங்கள் வீட்டில் சிறியவர் முதல் பெரியவர் வரை அவரைப் 'பெரியவர்' என்றே அழைத்தோம்.

முதலில் மரத்தைத் தேர்வார். முருங்கையும் நாவலும் ஆளைத் தாங்குவதுபோல் காட்டி முறிந்துவிடும் என்பது சிற்றூர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். புளியங்கொம்பைப் பிடித்தவன் பிழைத்தான் என்று நாம் சொல்வது வெறும் வாய்ப்பேச்சு அன்று. அம்மரத்தின் கொம்பு வளையுமேயன்றி எளிதில் ஒடியாது. பெரியவர் அடிமரத்தைச் சுற்றிவந்து கத்தியின் பிடியால் தட்டிப் பார்ப்பார். உள்ளே பொந்து விழுந்திருந்தால் ஓசை காட்டிக்கொடுத்துவிடும். மேலே பட்ட கிளை ஏதும் தொங்குகிறதா என்று அண்ணாந்து நெடுநேரம் பார்ப்பார். பிறகு உயரம். யானை துதிக்கையை உயர்த்தினால் பதினைந்தடிக்கு மேலும் எட்டும். ஆகவே பன்றிக்குப் போதுமான உயரம் யானை வரும் காட்டில் போதாது. ஆனால் மிக உயரப் போனாலும் காற்றில் ஆட்டம் மிகும்.

கயிறு எப்போதும் தேங்காய் நார்க்கயிறுதான். முதல்நாள் இரவே ஓடைத் தண்ணீரில் ஊறப் போட்டுவிடுவார். ஊறிய கயிறு வளைந்து கொடுக்கும். முடிச்சில் நன்றாகப் படியும். சொரசொரப்பாக இருப்பதால் வழுக்கவும் செய்யாது. இரண்டு மூங்கில் கழிகளைக் கிளைக் கவட்டில் கிடத்தி, கிளையையும் கழியையும் சேர்த்து நெருக்கமாகப் பலமுறை சுற்றுவார். அத்துடன் நிறுத்தினால் அது கட்டு ஆகாது. கழிக்கும் கிளைக்கும் நடுவே கயிற்றைக் குறுக்காகச் செலுத்தி, முன்பு சுற்றிய சுற்றுகளையே அது இறுக்கிப் பிடிக்கும்படி இழுப்பார். கட்டடச் சாரம் கட்டுபவர்களிடம் இன்றும் இம்முறையைக் காணலாம். புதுக் கயிறு பாரம் ஏறினால் சற்று நீளும். ஆதலால் மறுநாள் காலையில் திரும்ப வந்து, கயிற்றுக்குள் ஒரு சிறு குச்சியைச் செருகி முறுக்கி, குச்சியின் நுனியையும் கட்டிவிட்டுத்தான் போவார்.

ஆணியடித்தால் எளிதாயிற்றே என்று நான் கேட்டதுண்டு. ஆணி அடிக்கும் ஓசை மலை முழுவதும் கேட்கும் என்பது அவர் கூறிய முதற்காரணம். மரம் காற்றில் ஆடும். கயிறு அதனோடு சேர்ந்து ஆடும், ஆணியோ ஆடி ஆடித் துளையைப் பெரிதாக்கிக்கொண்டு ஒருநாள் கழன்றுவிடும் என்பது இரண்டாவது. மூன்றாவதைச் சொல்லும்போது மரத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இதுக்கும் உசுரு இருக்குல்ல, தம்பி."

அறுவடை முடிந்ததும் பரணைப் பிரித்துவிட வேண்டும் என்பதிலும் அவர் கண்டிப்பானவர். மரம் சமைத்த உணவு பட்டையின் உட்புறமாகத்தான் வேருக்கு இறங்குகிறது. அடிமரமோ ஆண்டுக்காண்டு பருக்கிறது. கட்டிய கயிற்றை அப்படியே விட்டால் அது பட்டைக்குள் அழுந்தி அவ்வழியை அடைத்துவிடும். வேர் பட்டினி கிடக்கும். சில ஆண்டுகளில் மரமே பட்டுப்போகும். தாவரநூல் விளக்கும் இதனைப் பெரியவர் எழுத்தறியாமலே அறிந்திருந்தார். அவிழ்த்த கயிற்றை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார். அங்கேயே தீ மூட்டி எரித்துவிடுவார். "கயிறு வீணாகிறதே" என்று மாமி முணுமுணுப்பார்கள். அது வீண் அன்று என்பதை அடுத்த நிலத்துக்காரர் காட்டினார். சிக்கனம் கருதி முந்தைய ஆண்டுக் கயிற்றாலேயே கட்டிய பரணிலிருந்து ஒரு நள்ளிரவில் விழுந்தார். முதுகெலும்பு நொறுங்கிற்று. அதன்பின் எட்டு ஆண்டுகள் கட்டிலிலேயே கிடந்து இறந்தார். அவருக்கு மணமாகாத பெண்மக்கள் மூவர் இருந்தனர்.

கட்டி முடித்ததும் பெரியவர் ஒரு முறையைத் தவறாமல் கடைப்பிடிப்பார். தாமே முதலில் ஏறி, நடுவில் நின்று மூன்றுமுறை குதிப்பார். கட்டியவன் ஏறாத பரணில் வேறு எவரும் ஏறலாகாது என்பது அவர்களுடைய வழக்கம்.

அந்தப் பரணில் நடந்த ஒரு நிகழ்ச்சியை மர்ஹூம் மாமு பலமுறை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். உரிமம் பெற்றவர்கள் வேட்டையாடச் சட்டம் இடமளித்த காலம் அது. ஓர் இரவு பன்றிக்குப் பதிலாகக் கடமான் ஒன்று வந்தது. மாமு 'பிஸ்மில்லாஹ்' சொல்லிச் சுட்டார்கள். மான் விழுந்தது, ஆனால் உயிர் போகவில்லை. இருட்டில் அது காலை உதைத்துக்கொள்ளும் ஓசை கேட்டது.

இங்கே ஒரு சட்டப் பிரச்சினை எழுகிறது. அம்பு தன் கூர்மையால் துளைப்பது; துப்பாக்கிக் குண்டோ வேகத்தால் மோதிச் சிதைப்பது; ஆகவே குண்டடிபட்ட பிராணியை உயிரோடு அடைந்து அறுத்தாலன்றி அது ஹலால் ஆகாது என்பது ஹனஃபி ஆலிம்கள் பலருடைய தீர்ப்பு. இறைவன் திருப்பெயரைக் கூறிச் சுட்டதே போதும் என்று கருதிய அறிஞர்களும் உண்டு. ராவுத்தர் குடும்பமான எங்கள் வீட்டில் முதற்கூறிய வழியே நடப்பு. எனவே வேட்டைக்குச் செல்பவர் இடுப்பில் கத்தி இருக்கும். சுட்ட மறுகணமே மரத்திலிருந்து இறங்கி ஓடவேண்டும். எத்தனையோ பேர் கையையும் காலையும் முறித்துக்கொண்டது அந்த ஓட்டத்தில்தான். வெகுநேரம் மடக்கி அமர்ந்த கால் மரத்துப் போயிருக்கும். கண்ணுக்கு ஏணிப்படி தெரியாது. மனமோ கீழே போய்விட்டிருக்கும்.

மாமு எழுந்து கத்தியை உருவினார்கள். உடனிருந்த பெரியவர் அவர்களுடைய மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். "இருட்டுல இறங்குறதுக்கு நான் ஏணி கட்டல, ராவுத்தரே. விடிஞ்ச பெறகு இறங்கத்தான் கட்டியிருக்கேன்" என்றார். அடிபட்ட விலங்கு முட்டும் என்பதும், பன்றிக் கூட்டம் அருகில் இருக்கலாம் என்பதும் அவர் சொல்லாமலே விளங்கியவை. மாமு உட்கார்ந்துவிட்டார்கள். அந்த ஓசை அடங்கும் வரை கேட்டுக்கொண்டே இருந்ததுதான் தம் வாழ்நாளில் மிக நீண்ட நேரம் என்பார்கள். இன்னொரு தோட்டாவால் அதன் துன்பத்தை முடித்திருக்கலாமே என்று பிற்காலத்தில் நான் கேட்டேன். தலை எங்கே வால் எங்கே என்று தெரியாத இருளில் எதைச் சுடுவது என்று திருப்பிக் கேட்டார்கள். அதன்பின் அவர்கள் மானைச் சுடவே இல்லை.

விடிந்ததும் மானின் உடலைப் பெரியவரின் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டு வெறுங்கையோடு வீடு வந்தார்கள். வெடிச்சத்தம் கேட்டிருந்த மாமி, அம்மியில் மசாலா அரைத்து வைத்துக் காத்திருந்தார்கள். எங்கள் ஏமாற்றத்தைக் கேட்கவே வேண்டாம். "நான் முழுசா வந்திருக்கேன். இன்னைக்குப் பருப்பாணம் போதும்" என்று சொல்லிவிட்டு மாமு உறங்கப் போய்விட்டார்கள்.

1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டைப் பரண் நம் நாட்டில் பழங்கதையாயிற்று. 2021 இல் மேகமலை, ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடுகள் சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கப்பட்டன. மரத்துமேல் அமர்ந்து விலங்கைச் சுடாமல் பார்த்து மட்டும் மகிழ்வது என்னும் வழக்கத்தில் கார்பெட்டுக்கும் பங்கு உண்டு. முதுமையில் கென்யாவில் குடியேறிய அவர், 1952 பிப்ரவரியில், அத்திமரத்தின் மேல் அமைந்த 'ட்ரீ டாப்ஸ்' விடுதியில் இளவரசி எலிசபெத்துடன் தங்கியிருந்தார். அன்றிரவு இங்கிலாந்தில் மன்னர் இறந்தார். இளவரசியாக மரமேறியவர் அரசியாக இறங்கினார். ஆனால் காட்டோரத்து உழவனுக்குப் பரண் பொழுதுபோக்கு ஆகிவிடவில்லை. யானைக்கும் பன்றிக்கும் அஞ்சிக் கையில் விளக்கோடும் தகரத்தோடும் இன்றும் இரவைப் பரணில் கழிப்பவர்கள் நம் மாநிலத்தின் மலையடிவாரங்களில் இருக்கவே இருக்கிறார்கள்.

வேட்டைப் பரணை மீண்டும் நான் கண்டது அமெரிக்காவில். மிச்சிகன் மாநிலத்தில் வாழும் என் மகன் வீட்டில் 2018 ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். அங்கே நவம்பர் 15 ஆம் நாள் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்கும்; மாத இறுதிவரை நீடிக்கும். அண்டை வீட்டு முதியவர், ஓய்வுபெற்ற தச்சர், என்னைத் தம் கொல்லைக்குப் பின்னுள்ள தோப்புக்கு அழைத்துச் சென்றார். ஓக் மரத்தில் ஒருவர் மட்டும் அமரக்கூடிய இரும்புப் பரண். கயிற்றுக்குப் பதிலாகப் பாலியெஸ்டர் பட்டை. குச்சியிட்டு முறுக்குவதற்குப் பதிலாகப் பற்சக்கரம் வைத்த ஒரு பிடி. அதனை மேலும் கீழும் அசைத்தால் பட்டை அடிமரத்தை இறுக்கிக்கொள்கிறது. பொதுக் காடுகளில் மரப்பட்டையைத் துளைக்கும் ஆணியோ திருகோ அடிக்கக்கூடாது என்று அவர்களுடைய சட்டமே சொல்கிறதாம். பரணில் உரியவர் பெயரும் முகவரியும் எழுதியிருக்க வேண்டுமாம்.

ஏறும்போது அவர் இடுப்பில் மட்டுமன்றித் தோளிலும் தொடையிலும் பட்டைகளை அணிந்துகொண்டார். மேலே கட்டிய ஒரு தனிக் கயிறு தரைவரை தொங்கியது. அதில் ஒரு சிறு கயிற்றுக் கண்ணி. கையால் தள்ளினால் மேலே வழுக்கிச் செல்கிறது. பாரம் விழுந்தால் அக்கணமே இறுகிப் பிடித்துக்கொள்கிறது. கார்ல் புருசிக் என்னும் ஆஸ்திரிய மலையேற்றக்காரர் 1931 இல் வெளியிட்ட முடிச்சு அது. விழுபவர்களில் பலர் மேலே அமர்ந்திருக்கும்போது விழுவதில்லை, ஏணியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும்போதும் இறங்கும்போதும்தான் விழுகிறார்கள் என்று அவர் சொன்னபோது எனக்கு மாமுவின் மணிக்கட்டு நினைவுக்கு வந்தது. பட்டையில் தொங்கியபடியே உதவிக்குக் காத்திருப்பதும் ஆபத்தாம். கால்களில் இரத்தம் தேங்கி மயக்கம் வருமாம். ஆகவே காலை ஊன்றி ஊன்றி அசைக்க ஒரு கண்ணியும் வைத்திருந்தார். தோட்டா நீக்கிய துப்பாக்கியை, தாம் ஏறி அமர்ந்த பின்னரே ஒரு கயிற்றால் மேலே இழுத்துக்கொண்டார். இவ்வளவையும் அவருக்குக் கற்பித்தது, தம் உடன்பிறந்தவர் ஒருவரின் சக்கர நாற்காலி என்று பின்னர் அறிந்தேன்.

டிசம்பர் தொடக்கத்தில் பனி விழும் முன்பு பரணைக் கழற்ற அவருக்குத் துணையாகச் சென்றேன். பட்டை இருந்த இடத்தில் மரத்தில் இலேசான தடம். அதன்மீது ஒருமுறை உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பட்டையை வெயில் நைத்திருந்தது. ஓரத்தில் அணில் கடித்த அடையாளம் ஒன்றும் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் அதைக் கத்தியால் நான்கு துண்டுகளாக வெட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டார். எறியப் போவதை ஏன் வெட்ட வேண்டும் என்று கேட்டேன்.

"முழுசாகக் கிடந்தால் எவனாவது எடுத்துக் கட்டிவிடுவான்" என்றார்.